தூரமும் காலமும்

ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் இடையே தூரம் எவ்வளவு என்று வினவினால், நம் பாட்டிமார் மைல் கணக்கில் விடை கூறார். "கோழி கூவப் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் சேரலாம்" என்பர். "ஒரு வெற்றிலை மென்று முடிக்கும் தூரந்தான்" என்பர். 34 ஆண்டுகள் பூகோள உபாத்தியாயனாக ஊழியஞ் செய்த யான், வகுப்பறையில் இவ்விடைகளை எடுத்துக்காட்டி மாணவரை நகைப்பித்ததுண்டு. தூரம் வேறு, காலம் வேறு; ஒன்றினை மற்றொன்றால் அளப்பது பாமரர் வழக்கு என்று அழுத்தந் திருத்தமாகப் போதித்தேன். அப்போதனை முழுதும் சரியன்று என்பதை என் எழுபதாம் வயதில், தரைக்கு மேல் 11 கிலோமீட்டர் உயரத்தில், ஒரு நாற்காலியில் அமர்ந்து கற்றுக்கொண்டேன். நம் கல்லூரிச் சஞ்சிகையின் ஆசிரியர் ஒரு பிரயாணக் கட்டுரை வேண்டுமென்று பழைய மாணவனாகிய என்னைக் கேட்டபடியால், அவ்வரலாற்றை ஈண்டு எழுதத் துணிகின்றேன். மாட மாளிகைகளும் கடைவீதிகளும் வருணிக்கப்பெறும் என்று எதிர்பார்க்கும் நேயர்கள் பொறுத்தருள்க. யான் கண்ட காட்சிகள் சில. போட்ட கணக்குகளே பல.

சிங்கப்பூரிலுள்ள சாங்கி விமான நிலையத்திற்கும், நியூயார்க் மாநகரின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்திற்கும் இடையே, வழியில் எங்கும் இறங்காமற் செல்லும் ஆகாய விமானம் ஒன்று உண்டு. 2020ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தொடங்கப்பெற்ற இவ்வழியே, பிரயாணிகள் செல்லும் இடைநில்லா வான்வழிகளுள் இன்று மிக நெடியது. இதன் தூரம் 15,349 கிலோமீட்டர் என்று கணக்கிட்டுள்ளனர்.

இவ்வெண்ணைப் பிறர் சொல்ல நம்ப வேண்டுவதில்லை. நம் மாணவர் எவரும் ஒரு காகிதத் துண்டிலேயே சரிபார்த்துக் கொள்ளலாம். சாங்கி நிலையம் பூமத்தியரேகைக்கு வடக்கே 1.36 பாகையிலும், கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையிலும் உளது. நியூயார்க் நிலையம் வடக்கே 40.64 பாகையிலும், மேற்குத் தீர்க்கரேகை 73.8 பாகையிலும் உளது. 104ஐயும் 73.8ஐயும் கூட்டினால் 177.8 ஆகும், 180க்குச் சிறிதே குறைவு. ஆகவே இவ்விரண்டு ஊர்களும் உலக உருண்டையில் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று நேர் எதிரான தீர்க்கரேகைகளில் இருக்கின்றன. அங்ஙனமாயின் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குக் குறுக்குவழி யாது? கிழக்குமன்று, மேற்குமன்று, நேர் வடக்கே ஏறி, வட துருவத்தை ஒட்டிச் சென்று, அப்புறம் நேர் தெற்கே இறங்குவதேயாம். பூமத்தியரேகையிலிருந்து துருவத்திற்கு 90 பாகை, மறுபுறம் இறங்க 90 பாகை, ஆக 180. இவ்விரண்டு ஊர்களும் முன்னமே வடக்கே ஏறியுள்ள 1.36ஐயும் 40.64ஐயும் சேர்த்து 42ஐக் கழித்தால் 138 பாகை. பூமியின்மேல் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 111.2 கிலோமீட்டர். பெருக்கினால் 15,345 வரும். கணித வல்லுநர் கூறும் எண்ணுக்கும் நம் கைக்கணக்குக்கும் நான்கு கிலோமீட்டரே வேற்றுமை!

பள்ளிச் சுவரில் தொங்கும் மெர்க்காட்டர் படத்தில் அளவுகோலை வைத்து இவ்விரண்டு ஊர்களையும் நேர்கோட்டால் இணைத்து, அக்கோட்டின் வழியே ஒருவன் செல்வானாயின், அவன் ஏறத்தாழ 18,500 கிலோமீட்டர் செல்ல வேண்டும். படத்தில் நேராகத் தோன்றுவது பூமியில் வளைவு. படத்தில் வளைவாகத் தோன்றுவது பூமியில் நேர். இவ்வுண்மையை எனக்கு முதன்முதல் காட்டியவர் என் தமையனார். எங்கள் பள்ளியில் ஓர் உலக உருண்டை இருந்தது. அதன் நீலநிறம் பாதி உதிர்ந்து போயிருந்தது. தமையனார் ஒருநாள் எங்கள் அன்னையாரின் தையற் பெட்டியிலிருந்து ஒரு நூலைக் கொண்டுவந்து, அதனை இரண்டு ஊர்களின்மேல் வைத்து இறுக இழுத்து, "பார்த்தியாலே, நூலு தானா வடக்கே ஏறுது" என்றார். அப்பொழுது அவருக்குப் பதினான்கு வயது, எனக்கு ஒன்பது. யான் பிற்காலத்தில் பூகோளம் கற்பிக்கப் புகுந்ததற்கு அந்நூலே காரணம் என்று கூறின் மிகையாகாது.

நிற்க. எங்கள் குடும்பத்தாருக்கு நெடுந்தூரம் புதிதன்று. எங்கள் பாட்டனார் 1930களில் நாகப்பட்டினத்தில் 'ராஜுலா' என்னும் கப்பலேறிச் சிங்கப்பூருக்குச் சென்றார். 1926ஆம் ஆண்டு கட்டப்பெற்ற அக்கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைகளை இணைத்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து, ஒரு வாரங் கடலைப் பார்த்துச் செல்லும் பிரயாணம் அது. அவர் அங்கே ஒரு துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதிக் கொண்டிருந்தபொழுது, ஊரில் அவருடைய அன்னையார் நோயுற்றார். தந்தி ஒரே நாளிற் போய்ச் சேர்ந்தது. ஆனால் கப்பல் வரவேண்டுமே! அடுத்த கப்பலுக்குக் காத்திருந்து, அதிலேறி, நாகையில் இறங்கி, இரயிலிலும் மாட்டுவண்டியிலுமாக அவர் ஊர் வந்து சேர மூன்று வாரஞ் சென்றது. அன்னையாரை அடக்கஞ் செய்து பதினாறு நாட்கள் ஆகியிருந்தன. பாட்டனார் தம் இறுதிக் காலம் வரை, யாரேனும் கப்பலைப் பற்றிப் பேசினால் எழுந்து வெளியே போய்விடுவார்.

தமையனார் 1979ஆம் ஆண்டில் எஞ்சினீயர் உத்தியோகம் பெற்று அமெரிக்கா சென்றார். நியூயார்க்குக்கு அண்மையில், நியூ ஜெர்சி மாநிலத்தில் எடிசன் என்னும் ஊரில் குடியேறினார். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடும்பத்துடன் ஊர் வருவார். 2009இல் எங்கள் தந்தையார் காலமானார். மறு ஆண்டில் ஊர் வீட்டை விற்கும் பேச்சு எழுந்தது. தமையனார் கையொப்பமிட்ட அதிகாரப் பத்திரம் என்னிடம் இருந்தது. "டிசம்பர்லே நான் வாறேன். ஒருதரம் அந்த வீட்டிலே இருந்துட்டு, அப்புறம் கொடுப்போம்" என்று அவர் டெலிபோனிற் கூறினார். அக்டோபரில் நல்ல விலைக்கு ஒருவர் வந்தார். யான் விற்றுவிட்டேன். தமையனாரின் பங்கை ஒரு காசு குறையாமல் அனுப்பினேன், கணக்கையும் எழுதியனுப்பினேன். அவர் "சரி" என்று ஒரு சொல் கூறினார். அவ்வாண்டு டிசம்பரில் அவர் வரவில்லை. அதன்பின் அவர் ஊர்ப் பக்கம் வந்ததே இல்லை.

அவர் என்மேற் சினந்தாரோ எனின், அதுவுமில்லை. மாதம் ஒருமுறை தவறாது பேசுவார். மழை பெய்ததா, தாமிரபரணியில் நீர் வந்ததா, இன்னாருடைய மகன் என்ன படிக்கிறான் என்று கேட்பார். முடிவில் எப்பொழுதும் ஒரே கேள்வி: "ஏலே, எப்ப வாறே?" யானும் எப்பொழுதும் ஒரே விடை கூறுவேன்: "பார்ப்போம் அண்ணாச்சி, தூரமால்லா இருக்கு!" வீட்டைப் பற்றி அவரும் கேட்கவில்லை, யானும் கூறவில்லை. முகம் பார்த்து ஒரு வார்த்தை கூற வேண்டியதுண்டு என்பதை யான் அறிவேன். அதனைக் கூறுதற்கு நாணி, 'தூரம்' என்னும் சொல்லைக் கதவாக வைத்து அதன் பின்னே பன்னிரண்டு ஆண்டுகள் நின்றுகொண்டிருந்தேன்.

அக்கதவை ஒவ்வொரு பலகையாகக் கழற்றுவது போலக் காலமும் நடந்துகொண்டது. 2015இல் என் மகள் சிங்கப்பூரில் வேலையேற்றாள். யான் ஆண்டுதோறும் சில மாதங்கள் அங்கே தங்கலானேன். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு அடுத்துள்ள நுவார்க் நகருக்கு 2004ஆம் ஆண்டிலேயே நேர் விமானம் விட்டிருந்தனர். நான்கு எஞ்சின்கள் பூட்டிய அவ்விமானம் எரியெண்ணெயை மிகுதியாகக் குடித்தபடியால் 2013இல் அதனை நிறுத்தினர். பின்னர் இரண்டே எஞ்சின்களுடன் அத்தூரத்தைப் பறக்கவல்ல ஏர்பஸ் ஏ350 வகையில் ஒன்றினைச் செய்வித்து, 2018 அக்டோபரில் மீண்டும் தொடங்கினர். அச்செய்தியைப் பத்திரிகையிற் படித்த அன்றே தமையனார் என்னை அழைத்தார். "உன் மக வீட்டிலேருந்து எங்க வீட்டுக்கு ஒரே பிளேனு! நுவார்க்கிலே இறங்கினா அரைமணியிலே வீடு" என்று குழந்தைபோலக் குதூகலித்தார். யான் மறுநாளே பத்தாண்டு செல்லத்தக்க விசாவுக்கு விண்ணப்பித்தேன், பெற்றேன், கடவுச்சீட்டை மடித்து அலமாரியில் வைத்தேன். 2020 மே மாதத்துக்குப் பிரயாணச் சீட்டும் வாங்கியாயிற்று. அதற்குள் கொள்ளைநோய் பரவி உலகத்தின் வழிகளெல்லாம் அடைபட்டன. ஒன்றை மறையாது கூற வேண்டும்: வழி அடைபட்ட செய்தி கேட்டு என் உள்ளத்தின் ஒரு மூலையில் நிம்மதி பிறந்தது. வழிகள் மீண்டும் திறந்த பின்னும் யான் புறப்படவில்லை.

2023 பிப்ரவரியில் ஓர் இரவு மதினி அழைத்தார். "தம்பி, அண்ணனுக்கு வலப்பக்கம் விழுந்துட்டு. ஆள் தெரியுது. பேச்சுதான் வரலை" என்றார். மூளையின் இடப்பக்கத்தில் இரத்தம் அடைத்து, வலக் கையும் வலக் காலும் செயலற்றுச் சொல்லும் போய்விட்டது என்று பின்னர் விளங்கிற்று. யான் அப்பொழுது மகள் வீட்டில் இருந்தேன். நுவார்க் செல்லும் விமானத்தில் இடமில்லை. நியூயார்க் விமானத்தில் மறுநாளுக்கு ஓர் இடங் கிடைத்தது. 161 ஆசனங்களே உள்ள விமானம் அது. அவற்றுள் மலிவான வகுப்பு என்பதே கிடையாது. பாரத்தைக் குறைத்து எண்ணெய்க்கு இடங் கொடுப்பதற்காகவே அவ்வாறு அமைத்துள்ளனர். 1,65,000 லிட்டர் எண்ணெய் கொள்ளும் விமானம் அன்றோ! மகள் என்னிடம் விலை கூறாமலே சீட்டை வாங்கினாள்.

செவ்வாய்க்கிழமை நண்பகலுக்குச் சற்றுப் பின் விமானம் எழுந்தது. யான் உபாத்தியாயனாதலின், மனம் கலங்கும்போதெல்லாம் கணக்குப் போடுவது வழக்கம். 15,349 கிலோமீட்டரை மணிக்கு 900 என்னும் வேகத்தால் வகுத்தேன். 17 மணி நேரமும் சில நிமிடங்களும் வந்தன. பிரயாண அட்டவணையோ 18 மணி 40 நிமிடம் என்றது. ஒன்றரை மணிக்கு மேல் எங்கே போயிற்று? ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதற்கும், மெதுவாக ஏறுவதற்கும் இறங்குவதற்கும் சிறிது போயிற்று எனலாம். எஞ்சியதன் விடை என் முன்னிருந்த சிறு திரையில் இருந்தது. விமானம் வடக்கே துருவத்தை நோக்கிச் செல்லவில்லை. தென்சீனக் கடலைத் தாண்டி, வடகிழக்காகத் திரும்பி, யப்பானுக்குத் தெற்கே பசிபிக் சமுத்திரத்தின்மேல் போய்க்கொண்டிருந்தது. நூல் காட்டும் வழியை விட்டு, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட சுற்றுவழியை அது வேண்டுமென்றே மேற்கொண்டிருந்தது.

காரணம் காற்று. 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே, வானத்து நதிபோல ஒரு காற்று ஓடுகின்றது. அதனை ஜெட் ஓட்டம் என்பர். குளிர்காலத்தில் யப்பான் பக்கத்தில் அது மிக்க வலிமையுடன் வீசும். மணிக்கு 300 கிலோமீட்டரையும் கடப்பதுண்டு. அதன் முதுகில் ஏறிச் செல்லும் விமானம், நெடுவழி சென்றும் குறுவழியினும் விரைந்து சேரும். எங்கள் திரையில், தரைக்கு ஒத்த வேகம் மணிக்கு 1,000 கிலோமீட்டருக்கு மேற் சென்றதை யானே கண்டேன். ஆகவே இரண்டு ஊர்களுக்கிடையே பூமியின்மேல் தூரம் ஒன்றே. வானத்தின்மேல் நாள்தோறும் தூரம் வேறு, காலமும் வேறு. ஒவ்வொரு நாளும் காற்றைப் பார்த்தே அன்றைய வழியை வகுக்கின்றனர். "வெயில் ஏறுமுன் சேரலாம்" என்ற பாட்டியாரைப் பார்த்து நகைத்த யான், விமானிகளும் பாட்டியார் கணக்கையே போடுகின்றனர் என்று அறிந்து தலைகுனிந்தேன்.

இக்காற்றைக் கண்டறிந்த வரலாறு வியப்பும் துயரமும் உடையது. வசாபுரோ ஓய்ஷி என்னும் யப்பானிய வானிலை அறிஞர், 1920களில் டட்டேனோ என்னுமிடத்து ஆய்வுநிலையத்தில் பலூன்களை வானில் விட்டு, அவை செல்லும் வேகத்தை அளந்து, மேல்வானத்துக் காற்றின் வலிமையைக் கண்டறிந்தார். உலகத்தார் அனைவரும் படிக்க வேண்டும் என்னும் நல்லெண்ணத்தால், 1926இல் தம் அறிக்கையை எஸ்பராந்தோ என்னும் பொதுமொழியில் வெளியிட்டார். அம்மொழியை அறிந்தவர் மிகச் சிலரே. ஆதலின் பிறநாட்டார் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1944ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க விமானிகள் யப்பான்மேல் உயரப் பறந்து, தங்கள் விமானங்களை அக்காற்று பற்றியிழுக்கக் கண்டு திகைத்தனர். அதன் பின்னரே பலருங் கவனித்தனர். கூற வேண்டியதைக் கூறியும், கேட்பவர் பெறாத வகையிற் கூறினார் ஓய்ஷி. யானோ கூறவேயில்லை. அதனை எண்ணியபொழுது, உணவுத் தட்டைத் தொடாமலே திருப்பிக் கொடுத்தேன்.

புறப்பட்ட நான்கைந்து மணி நேரத்தில் பொழுது சாய்ந்தது. குறுகிய ஓர் இரவு கழிந்து, வட பசிபிக்கின்மேல் விடிந்தது. கனடா நாட்டின் பனிவெளிகளைக் கடந்து நியூயார்க்கை நெருங்குகையில் மறுபடியும் பொழுது சாய்ந்தது. ஒரே செவ்வாய்க்கிழமையில் இரண்டு மாலைகளைக் கண்டேன். நண்பகலுக்குப் பின் புறப்பட்டு, பதினெட்டு மணி நேரத்துக்கு மேற் பறந்து, அதே நாள் மாலை ஆறு மணிக்கு இறங்கினோம். குளிர்காலத்தில் நியூயார்க் நேரம் சிங்கப்பூர் நேரத்துக்கு 13 மணி பிந்தியது. நடுவே தேதிக்கோட்டையும் தாண்டினோம். பக்கத்து ஆசனத்து இளைஞர் ஒருவர், "நமக்குப் பதின்மூன்று மணி நேரம் இலாபம், ஐயா" என்றார். அதனை இலாபம் என்று என்னால் எண்ண இயலவில்லை. நோயாளியின் உடலுக்குத் தேதிக்கோடு ஏது? அவருக்குப் பதினெட்டு மணி நேரம் பதினெட்டு மணி நேரமே. திரையில், 'சேரவேண்டிய தூரம்' என்ற எண் குறைந்துகொண்டே வந்ததைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பன்னிரண்டு ஆண்டுகளாக அசையாது நின்ற எண் அது. யான் ஏறி அமர்ந்தவுடன் அதுதானே ஓடத் தொடங்கிற்று.

15,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்தவனுக்கு, நிலையத்திலிருந்து எடிசன் வரையுள்ள அறுபது சொச்சம் கிலோமீட்டரைக் காரிற் கடக்க இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அன்றிரவு நோயாளியைப் பார்க்கும் நேரங் கடந்துவிட்டது. மறுநாட் காலை பத்து மணிக்கு மதினி என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றார்.

தமையனார் என்னைக் கண்டார். அவர் முகத்தின் இடப்பக்கம் மட்டும் சிரித்தது. வாயைத் திறந்தார், ஒலி வந்தது, சொல் வரவில்லை. யான் அவருடைய இடக் கையைப் பற்றிக்கொண்டு நின்றேன். சிறிது நேரத்தில் அவர் கையை விடுவித்து, என் மணிக்கட்டிலிருந்த கடிகாரத்தை விரலால் தட்டினார். பின்பு சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். யான் என் கடிகாரத்தைத் திருத்த மறந்திருந்தேன். சுவரில் மணி பத்து. என் கையில் பதினொன்று. பதின்மூன்று மணி வேற்றுமை, பன்னிரண்டு எண்களே உள்ள முகத்தில் ஒரு மணி வேற்றுமையாகத் தோன்றும் அன்றோ? அவர் ஒரு விரலை நீட்டிப் பின்னுக்குத் தள்ளும்படி சைகை செய்தார். நூலை இழுத்துப் பிடித்த அதே தமையனார்! அறிவு சற்றும் மழுங்கவில்லை. வாயில் மட்டும் பூட்டு விழுந்திருந்தது. யான் முள்ளைத் திருப்பினேன். என் கண்ணிலிருந்து நீர் விழுந்தது.

மூன்றாம் நாள், மதினி வெளியே சென்றிருந்தபொழுது, யான் கூற வேண்டியதைக் கூறினேன். "அண்ணாச்சி, நீங்க வாறதுக்கு முன்னாலே வீட்டைக் கொடுத்தது தப்பு. விலை போயிரும்னு பயந்துட்டேன். உங்ககிட்டே ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்றேன். அவர் நெடுநேரம் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார்; உதடு நடுங்கிற்று; பின் மூடிக்கொண்டார். சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். கையை மட்டும் என் கையிலிருந்து எடுக்கவில்லை. மன்னித்தேன் என்றாரோ, இப்பொழுது கூறி என்ன பயன் என்றாரோ, வேறு எதனையேனும் என்னிடம் கேட்க விரும்பினாரோ, யான் அறியேன். கூறவேண்டிய என் பாதியைக் கூறிவிட்டேன். கேட்கவேண்டிய அவர் பாதியை யான் இழந்துவிட்டேன். பேச்சு இருந்த பன்னிரண்டு ஆண்டுகளில் என்றேனும் ஒருநாள் இதே ஆசனத்தில் ஏறியிருந்தால், அவர் என்னைத் திட்டியிருப்பார். அத்திட்டு இன்று எனக்குக் கிடைக்காத செல்வம்.

பதினொரு நாட்கள் அவருடன் இருந்தேன். பேச்சுப் பயிற்சியளிக்கும் அம்மையார் ஒருவர் நாள்தோறும் வந்து படங்களைக் காட்டிப் பெயர் கூறச் செய்வார். 'நாய்' என்றும் 'நாற்காலி' என்றும் கூற அவர் பட்ட பாட்டைக் கண்டு யான் வெளியே போய் நிற்பதுண்டு. விடைபெறும் நாளன்று யான் குனிந்து, "போயிட்டு வாறேன், அண்ணாச்சி" என்றேன். அவர் நெற்றி சுருங்கிற்று. பின்பு, கல்லுக்கடியிலிருந்து நீர் கசிவதுபோல, "எப்ப... வாறே" என்றார். நோயுற்ற பின் அவர் முதன்முதல் கூறிய முழு வாக்கியம் அதுவே. நாட்பட்ட வழக்கமான சொற்றொடர்கள், மற்றச் சொற்கள் போன பின்னும் சிலருக்கு எஞ்சி நிற்பதுண்டு என்று அவ்வம்மையார் விளக்கினார். இத்தனை ஆண்டுகள் கேட்டுக் கேட்டு அக்கேள்வி அவர் நாவில் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது. யான் இம்முறை "பார்ப்போம்" என்று கூறவில்லை. "செப்டம்பர்லே வாறேன்" என்றேன்.

திரும்பும் விமானமும் கிழக்கு நோக்கியே பறந்தது. அட்லாண்டிக் சமுத்திரத்தையும் ஐரோப்பாவையும் கடந்து, நம் நாட்டின்மேலே வந்தது. திரையில் சென்னை என்னும் பெயர் தோன்றி, சிறிது நேரத்தில் மறைந்தது. சென்ற வழியையும் மீண்ட வழியையும் சேர்த்துப் பார்த்தால், யான் பூமியை ஒருமுறை முழுதும் சுற்றி வந்திருக்கின்றேன். ஜூல்ஸ் வெர்ன் எழுதிய கதையின் தலைவன் எண்பது நாட்களிற் செய்ததை, ஆகாயத்தில் ஏறத்தாழ 37 மணி நேரத்திற் செய்தேன். இரவு புறப்பட்ட விமானம், நடுவே ஒரு முழு நாளை விழுங்கிவிட்டு, அதற்கு மறுநாட் காலையில் சிங்கப்பூரில் இறங்கிற்று. போகும்போது கடனாகப் பெற்ற பதின்மூன்று மணி நேரத்தைத் திரும்பும்போது காலம் தவறாது வாங்கிக்கொண்டது.

செப்டம்பரில் யான் மறுபடியும் சென்றேன். தூரம் அதே 15,349. பாதி வழியில் இருப்பதுபோலவே தோன்றவில்லை, அவ்வளவு எளிதாயிருந்தது. தமையனாருக்குப் பத்துப் பன்னிரண்டு சொற்கள் திரும்பியிருந்தன. பள்ளிக்கூடத்து உருண்டையைப் பற்றிப் பேசினேன், "நூலு" என்றார். 2024 ஜனவரியில் அவர் காலமானார். செய்தி கேட்டு இரண்டாம் நாளே யான் அங்கிருந்தேன். அடக்கத்தில் நின்று மண் இட்டேன். எங்கள் பாட்டனாருக்குக் கிட்டாத அப்பேறு எனக்குக் கிட்டியது விமானத்தின் உபகாரம். ஆனால் பாட்டனார் வரவிரும்பியும் தூரம் அவரைத் தடுத்தது. யானோ வரக்கூடியவனாயிருந்தும் தூரத்தைக் காட்டி என்னையே தடுத்துக்கொண்டேன். இக்குறையை நீக்கும் விமானத்தை எவரும் இன்னும் கட்டவில்லை.

மாணவச் செல்வங்களே! உங்களுட் பலர் நாளை கடல் கடந்து செல்வீர்கள். பலருடைய தமையன்மாரும் தமக்கைமாரும் இப்பொழுதே சென்றிருக்கின்றனர். நம் கல்லூரிப் பூகோள அறையில் ஓர் உலக உருண்டை இருக்கக் காண்பீர்கள். ஒரு நூலை எடுத்து, உங்கள் ஊரின்மேல் ஒரு முனையையும், உங்களுக்குரியவர் வாழும் ஊரின்மேல் மறுமுனையையும் வைத்து இறுக இழுங்கள். நூல் எவ்வழியே ஏறுகின்றது என்று பாருங்கள். பாகைகளைக் கணக்கிட்டு 111.2ஆற் பெருக்குங்கள், விமான வேகத்தால் வகுங்கள், காற்றுக்காகச் சிறிது கூட்டிக்கொள்ளுங்கள். வரும் விடை எவ்வளவு பெரிதாயினும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். அதன்பின், அவர்களிடம் நீங்கள் இன்னும் கூறாதிருப்பது ஏதேனும் உண்டாயின், "எப்ப வாறே?" என்று அவர்கள் கேட்கும்பொழுது ஒரு தேதியைக் கூறுங்கள்.